இடக்கையின் நடை



தமிழிலே 'நடை' என்ற சொல் பல பொருளில் வழங்குகிறது. காலால் நடப்பது நடை. எழுத்தாளன் ஒருவனுக்கு உரியது உரைநடை. ஒருவருடைய ஒழுக்கத்தைச் சொல்லும்போதும் நடை, நடத்தை என்கிறோம். இசையரங்கில் மிருதங்கக்காரர் திஸ்ர நடை, சதுஸ்ர நடை என்று சொல்வதும் இதே சொல்லைத்தான். அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே பிறந்து வளர்ந்த ஜாஸ் இசையிலும் இதற்கு இணையான வழக்கு ஒன்று உண்டு. பாட்டின் அடியிலே, தாழ்ந்த சுரங்களில், தட்டுக்கு ஒரு சுரமாக இடைவிடாது சென்றுகொண்டிருக்கும் வரிசையை அவர்கள் 'வோக்கிங் பேஸ்' என்பர். நடக்கின்ற கீழ்ச்சுரம் என்று நாம் அதனைச் சொல்லலாம். அந்த நடையைப் பியானோவில் இடக்கையால் வாசிக்கக் கற்பது எவ்வாறு என்பதே இன்றைய உரையின் பொருள்.

இலக்கிய நிகழ்ச்சியில் பியானோவுக்கு என்ன வேலை என்று நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் தமிழ் படிப்பிப்பவன். வகுப்பிலே யாப்பிலக்கணமும் படிப்பிக்கிறேன். மாலை வேளைகளில், நம்மவர் பொதுவாக 'ஓர்கன்' என்று சொல்லும் 61 கட்டைகள் கொண்ட மின்விசைப்பலகை ஒன்றிலே இந்த இடக்கை நடையைச் சில ஆண்டுகளாகப் பயின்று வருகிறேன். இவ்விரு வேலைகளுக்கும் நடுவே பொதுவான கேள்வி ஒன்று நிற்கிறது. பிறர் ஆக்கிவைத்த வரிகளை மனனம் செய்வதா, அல்லது வரியைத் தொடுக்கும் முறையை அறிந்துகொள்வதா என்பதே அக்கேள்வி. பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுக்கும், கவிதை எழுதப் புறப்படும் இளைஞனுக்கும், வாத்தியம் பயில்பவனுக்கும் இது ஒன்றுபோலவே பொருந்தும். ஆகையால் இப்பொருள் இந்நிகழ்ச்சிக்கு அந்நியமானதன்று.

முதலில் இந்த நடை எத்தகையது என்று பார்ப்போம். ஜாஸ் இசையில் வழக்கமான சிறிய குழு மூவரைக் கொண்டது. ஒருவர் பியானோ, ஒருவர் மேளம், மற்றவர் 'டபிள் பேஸ்'. டபிள் பேஸ் என்பது பார்வைக்கு வயலினைப் போன்றது. ஆனால் நிமிர்த்தி வைத்தால் ஆளுயரத்தையும் மிஞ்சுவது. ஜாஸ் கலைஞர் பெரும்பாலும் வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் அதன் தந்தியை மீட்டுவார். நான்கு தட்டுக் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு சுரங்கள், தட்டுக்கு ஒன்று. மேலே சக்சபோனும் பியானோவும் எத்தனை வித்தைகள் காட்டினாலும் கீழே இந்த நடை தன் பாட்டில் போய்க்கொண்டே இருக்கும். கேட்பவர் இதனைத் தனியாகக் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு கணம் அது நின்றுவிட்டால், காலின் கீழிருந்து தரை விலகியது போன்ற உணர்வு உடனே உண்டாகும்.

நமது இசையிலே தம்புரா இருக்கிறது. அது கச்சேரி முழுவதும் ஸட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் பற்றிக்கொண்டு ஓரிடத்தில் நிற்கிறது. பாடகர் எங்கே போனாலும் திரும்பி வருவதற்கு ஆதாரம் அங்கேயே இருக்கும். ஜாஸ் இசையில் ஆதாரமே நடக்கிறது. 'கோட்' எனப்படும் கூட்டுச்சுரங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறிக்கொண்டு போக, அந்த மாற்றங்களைக் கீழ்ச்சுரம் முன்நின்று நடத்திச் செல்கிறது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

இந்த நடை ஒரே நாளில் தோன்றியதன்று. நியூ ஓர்லியன்ஸ் நகரில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தெருவிலே ஊர்வலம் போகும் பித்தளை வாத்தியக் குழுக்களில் கீழ்ச்சுரத்தை ஊதியது 'டியூபா' என்ற பெரிய ஊதுகருவி. ஊதுபவருக்கு மூச்சு வேண்டும். ஆகவே கட்டத்துக்கு இரண்டு சுரம் ஊதுவது அதற்கு இயல்பாக இருந்தது. விரலால் மீட்டப்படும் டபிள் பேஸுக்கு அந்தத் தடை இல்லை. 1925ஆம் ஆண்டில் ஒலிவாங்கியைக் கொண்டு மின்முறையில் இசைத்தட்டுப் பதியும் வழக்கம் வந்தது. அதற்கு முன்னர் சரியாகப் பதியாத அதன் தாழ்ந்த ஒலி, இசைத்தட்டிலும் தெளிவாகக் கேட்கத் தொடங்கியது. 1930களில் கட்டத்துக்கு நான்கு சுரம் என்ற நடை நிலைபெற்றது.

இதனை நிலைபெறச் செய்தவர்களில் முக்கியமானவர் வோல்டர் பேஜ். 1900இல் பிறந்து 1957இல் மறைந்தவர். ஒக்லஹோமா நகரில் 'புளூ டெவில்ஸ்' என்ற குழுவை நடத்திய அவர், பின்னர் கன்சாஸ் சிற்றியில் கவுண்ட் பேஸியின் குழுவிற் சேர்ந்தார். அந்தக் குழு ரீனோ கிளப் என்ற கேளிக்கை விடுதியில் வாசித்ததை உள்ளூர் வானொலி ஒன்று ஒலிபரப்பியது. 1936ஆம் ஆண்டில் ஜோன் ஹமண்ட் என்ற இசை விமர்சகர் சிக்காகோவிலே தமது மோட்டார் வண்டியின் வானொலியில் அதைக் கேட்டார். கேட்டவர் கன்சாஸ் சிற்றிக்குப் போய், அக்குழு நியூயோர்க் வருவதற்கு வழிசெய்தார். வானொலியால் உலகம் அறிந்த கலைஞர்களுள் பேஸியும் ஒருவர் என்பதை இந்த ஒலிவாங்கியின் முன்னிருந்து சொல்வதில் எனக்குச் சிறிது மகிழ்ச்சி உண்டு.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பேஸி ஒரு பியானோக் கலைஞர். இளமையில் இரண்டு கைகளாலும் நிறைய வாசிக்கும் மரபிலே பயின்றவர். பேஜின் நடையும், ஜோ ஜோன்ஸின் மேளமும், பின்னர் வந்து சேர்ந்த ஃபிரெடி கிறீனின் கித்தாரும் அடித்தளத்தைத் தாங்கியபோது, பேஸியின் இடக்கை ஏறக்குறைய ஓய்ந்தது. வலக்கையில் இரண்டொரு சுரத்தைத் தக்க இடத்திலே தூவிவிட்டு அவர் பேசாமல் இருந்தார். அடித்தளத்தை நம்பலாம் என்று தெரிந்தால், மேலே இருப்பவன் குறைவாகப் பேசியே நிறையச் சொல்லலாம்.

சரி, குழு இல்லாமல் பியானோக் கலைஞர் தனியே இருந்தால் என்ன செய்வார்? அங்கேதான் இடக்கையின் கதை தொடங்குகிறது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், 1920களிலே, வீட்டு வாடகை கட்டமுடியாத ஏழைக் குடும்பங்கள் தங்கள் வீட்டில் விருந்து வைத்து, வருபவர்களிடம் சிறுதொகை வாங்கி வாடகைக்குப் பணம் சேர்ப்பதுண்டு. ஆட்டத்துக்கு இசை வேண்டும். முழுக் குழுவுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஒரே ஒரு பியானோக்காரர் மேளமும் பேஸும் பாட்டுமாக இருந்து ஆட்டம் முழுவதையும் நடத்தவேண்டும். இத்தகைய தேவையிலே வளர்ந்ததுதான் 'ஸ்ட்ரைட்' என்ற பாணி. அச்சொல்லுக்கு நீண்ட எட்டு வைத்து நடத்தல் என்று பொருள். இடக்கை முதலாம், மூன்றாம் தட்டுகளில் கீழே ஒரு சுரத்தை அழுத்தி, இரண்டாம், நான்காம் தட்டுகளில் மேலே பாய்ந்து கூட்டுச்சுரத்தைத் தொடும். 1894இல் பிறந்த ஜேம்ஸ் பி. ஜோன்சனும் அவருடைய மாணவர் ஃபட்ஸ் வோலரும் இதிற் சிறந்தவர்கள்.

இதே காலத்தில் 'பூகி-வூகி' என்ற வேறொரு பாணியும் வளர்ந்தது. அதில் இடக்கை ஒரு சிறு கோலத்தை எடுத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதையே உருட்டும். அல்பேர்ட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீற் ஜோன்சன் ஆகிய மூவரும் 1938 டிசம்பரில் நியூயோர்க்கின் கார்னகி மண்டபத்தில் இதனை வாசித்தார்கள். கேட்பதற்கு மிக உற்சாகமானது. ஆயினும் நாம் பேசவந்த நடை இதுவன்று. பூகி-வூகியிலே கோலம் மாறாது. நடக்கின்ற கீழ்ச்சுரத்திலோ ஒவ்வொரு கட்டத்துக்கும் வரியைப் புதிதாக ஆக்கிக்கொண்டே போகவேண்டும். முன்னையதை மனனம் செய்யலாம். பின்னையதை மனனம் செய்தால் அது நடையாகாது.

எவ்வாறு ஆக்குவது? மிக எளிய பாட்டு வடிவம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'புளூஸ்' எனப்படுவது 12 கட்டங்களைக் கொண்டது. அதன் எளிய வடிவத்தில் ஸட்ஜமம், மத்திமம், பஞ்சமம் ஆகிய மூன்று சுரங்களின் மேல் எழும் மூன்று கூட்டுச்சுரங்களே உள்ளன. முதல் நான்கு கட்டம் ஸட்ஜமத்தில் இருக்கும். அடுத்த இரண்டு மத்திமத்தில். மறுபடி இரண்டு ஸட்ஜமத்தில். ஒன்பதாவது பஞ்சமம், பத்தாவது மத்திமம், கடைசி இரண்டும் ஸட்ஜமம். இவ்வளவுதான் வீட்டின் வரைபடம். பயில்பவர் முதலில் இடக்கையால் மட்டும், கட்டத்துக்கு ஒரு சுரமாக, இந்த அடிச்சுரங்களைத் தொட்டுச் செல்லவேண்டும். எந்தக் கட்டத்தில் எங்கே இருக்கிறோம் என்பதில் ஐயம் அகலும்வரை இதைச் செய்யவேண்டும். அதன்பின் அடிச்சுரத்தோடு அதன் ஐந்தாம் சுரத்தைச் சேர்த்துக் கட்டத்துக்கு இரண்டாக நடக்கலாம். அதன் பின்னரே நான்கு.

நான்கு சுரமாகும்போதுதான் உண்மையான பாடம் வருகிறது. முதலாம் தட்டில் அந்தக் கட்டத்துக்குரிய அடிச்சுரம். இது பெரும்பாலும் மாறாது. இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் அந்தக் கூட்டுச்சுரத்தைச் சேர்ந்த வேறு சுரங்களோ, இடையிலுள்ள சுரங்களோ வரலாம். நான்காம் தட்டு வேறு வகை. அது நிற்கின்ற கட்டத்திலே இருந்தாலும், அதன் முகம் வரப்போகும் கட்டத்தை நோக்கியிருக்கிறது. வரப்போகும் அடிச்சுரத்துக்கு அரைச்சுரம் மேலேயோ அரைச்சுரம் கீழேயோ அது வந்து நின்றால், அடுத்த அடி தானாகவே அங்கே விழும்.

எடுத்துக்காட்டொன்று சொல்கிறேன். நான்காம் கட்டத்திலே ஸட்ஜமத்தில் இருக்கிறோம்; ஐந்தாம் கட்டத்தில் சுத்த மத்திமத்துக்குப் போகவேண்டும். ஸட்ஜமம், அந்தர காந்தாரம், பஞ்சமம் என்று மூன்று தட்டு நடந்துவிட்டு, நான்காவதாகப் பிரதி மத்திமத்தைத் தொட்டால், அங்கிருந்து சுத்த மத்திமம் அரைச்சுரம் கீழே. கால் வழுக்குவது போல அதிலே போய் இறங்கலாம். அல்லது ஸட்ஜமம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று படிப்படியாக ஏறினாலும் அடுத்த படி சுத்த மத்திமமே. திரும்பி வரும்போது மத்திமம், சாதாரண காந்தாரம், சதுஸ்ருதி ரிஷபம், சுத்த ரிஷபம் என்று இறங்கி ஸட்ஜமத்தை அடையலாம். சங்கீதம் அறிந்த நேயர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். மேளகர்த்தா இராகம் ஒவ்வொன்றிலும் இரண்டு மத்திமங்களில் ஒன்றுதானே வரும் என்பார்கள். உண்மை. ஆனால் இங்கே அந்தப் பிரதி மத்திமம் இராகத்தின் சுரமாக வரவில்லை. ஒரு தட்டு நேரம் மட்டும், வாசற்படியாக வந்து போகிறது.

யாப்புப் படித்தவர்களுக்கு இது புதிதாக இராது. செய்யுளிலே சீருக்கும் சீருக்கும் இடையே தளை என்பது ஒன்று உண்டு. நின்ற சீரின் இறுதியும் வருஞ்சீரின் முதலும் எவ்வாறு பொருந்துகின்றன என்பதே தளை. மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர் என்று வெண்பாவுக்கு விதி சொல்கிறோம். ஒவ்வொரு சீரும் தன்னளவிலே சரியாக இருந்தாலும் தளை தட்டினால் வெண்பா வெண்பாவாகாது. மாணவன் எத்தனை வெண்பாக்களை மனனம் செய்திருந்தாலும், தளையை அறியாதவரை அவனால் ஒரு புதிய வெண்பாவைத் தொடங்கவே முடியாது. தளையை அறிந்தவனோ, நின்ற சீரைப் பார்த்ததும், அடுத்து வரவேண்டியது நேரா நிரையா என்று சொல்லிவிடுவான். அவனுக்குப் பாதை தெரிகிறது. சொல்லைத் தேடுவது மட்டுமே எஞ்சியிருக்கிறது. நடக்கின்ற கீழ்ச்சுரத்தின் நான்காம் தட்டு, இசைக்காரனின் தளை.

கடைகளிலே விற்கும் பயிற்சி நூல்களில் ஆயத்தமான இடக்கை வரிகள் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கின்றன. பயில்பவர் அவற்றுள் ஒன்றைப் பிடித்து இரண்டு மாதத்தில் மனனம் செய்துவிடுகிறார். அந்தப் பாட்டை வாசிக்கும்போது கேட்பவர் கைதட்டுகிறார்கள். வேறொரு பாட்டை, அல்லது அதே பாட்டை வேறொரு சுருதியில், வாசிக்கச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. பாடகர் ஒருவர் ஒரு கட்டம் முந்தி வந்துவிட்டாலும் அவ்வாறே. வரி இருந்தது, வழி தெரியவில்லை. வகுப்பறையில் நாம் நாளாந்தம் காணும் காட்சியும் இதுவே. தந்த வெண்பாவை அழகாக அலகிட்டுக் காட்டும் மாணவன், தாராத வெண்பாவின் முன்னே திகைத்து நிற்கிறான்.

மனனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முன்னோர் வாசித்ததைக் கேட்டுக் கேட்டு, அதைக் காதாற் பிடித்து, அப்படியே வாசித்துப் பார்ப்பது ஜாஸ் கலைஞர்கள் எல்லோரும் கடந்துவந்த பாதை. வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. பிடித்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இவர் ஏன் மேலிருந்து வந்தார், அந்த இடத்தில் ஏன் கீழிருந்து வந்தார் என்று கேட்கவேண்டும். கேள்வி கேட்கப்பட்ட மனனம் அறிவாகும். கேட்கப்படாதது சுமையாகக் கிடக்கும்.

இவ்விடத்தில் லெனி ட்ரிஸ்டானோ என்ற கலைஞரைச் சொல்லாமல் விடமுடியாது. 1919இல் சிக்காகோவில் பிறந்தவர். சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர். பியானோக் கலைஞராக மட்டுமன்றி ஆசிரியராகவும் பெயர்பெற்றவர். பேஸியின் குழுவில் சக்சபோன் வாசித்த லெஸ்ரர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டு, அவருடைய கற்பனை வாசிப்புகளை முதலில் வாயாற் பாடும்படி அவர் தம் மாணவர்களுக்குச் சொல்வார். வாத்தியத்தைத் தொடுவது அதன் பின்னர்தான். 1956இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு ஒன்றிலே சில பகுதிகள் ஒலிநாடாவின் வேகத்தை மாற்றியும் ஒன்றன்மேல் ஒன்று பதிந்தும் ஆக்கப்பட்டவை என்று பெரும் கண்டனம் எழுந்தது. 1962இல் அவர் 'தி நியூ ட்ரிஸ்டானோ' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். குழு இல்லை, அவர் ஒருவர்தான். இடக்கை நீண்ட நேரம் தளராமல் நடக்கிறது. வலக்கை அதன்மேல் நெடுந்தூரம் பறக்கிறது. இதில் ஒலிநாடா உத்திகள் எவையும் பயன்படுத்தப்படவில்லை என்று அந்த இசைத்தட்டிலேயே குறிப்பும் எழுத வேண்டியிருந்தது. ஒரு மனிதனுடைய இரண்டு கைகள்தான் இவை என்பதை அச்சிட்டுச் சொல்லும் அளவுக்கு அந்த வாசிப்பு இருந்தது.

வேறொருவர் டேவ் மக்கென்னா. றோட் ஐலன்ட் மாநிலத்தின் வூன்சொக்கெற் என்ற ஊரில் 1930இல் பிறந்து 2008இல் மறைந்தவர். 1980களில் பொஸ்ரன் நகரின் கொப்ளி பிளாசா ஹொட்டேலில் பல ஆண்டுகள் தனியே இருந்து வாசித்தார். அங்கே பலர் உணவருந்தியபடியும் உரையாடியபடியும்தான் கேட்டிருப்பார்கள். அவருடைய இடக்கையில் ஒரு டபிள் பேஸ் கலைஞரே குடியிருப்பது போலத் தோன்றும். ட்ரிஸ்டானோவின் நடையிலே கடுமையான தவம் இருக்கிறது. மக்கென்னாவின் நடையிலே மாலை நேரத்து உலாத்தல் இருக்கிறது. விதி ஒன்றே, நடைகள் வேறு. இதுவும் யாப்புப் போலத்தான்.

விதி விளங்கினாலும் கை உடனே இணங்குவதில்லை. பயிற்சியில் நான் பயன் கண்ட சிலவற்றைச் சொல்கிறேன். முதலாவது, கீழ்ச்சுரத்தை வாயாற் பாடிவிட்டு வாசிப்பது. பாட வராத வரி கையிலும் நடக்காது. இரண்டாவது, ஒரு சுரம் அடுத்த சுரம் வரும்வரை ஒலிக்கவேண்டும்; நடுவிலே வெட்டுப்படக்கூடாது. அதற்காகக் காலால் மிதியை அழுத்தினால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். விரலே இந்த வேலையைச் செய்யவேண்டும். மூன்றாவது, மிகக் கீழான கட்டைகளில் இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தினால் ஒலி மங்கிவிடும். ஆகவே அங்கே ஒற்றைச் சுரமே போதும்.

நான்காவது, தாளக் கருவியான மெட்ரோனோமைப் பயன்படுத்தும் முறை. அதன் ஒலியை ஒவ்வொரு தட்டுக்கும் வைத்துக்கொள்வது புதியவரின் வழக்கம். ஜாஸ் கலைஞர் அதனை இரண்டாம், நான்காம் தட்டுகளாக மட்டும் கொள்வார். மேளக்காரரின் சிறு ஜால்ரா மூடுவதும் அந்தத் தட்டுகளில்தான். கருவியை நிமிடத்துக்கு 40 என்று வைத்தால், நடை நிமிடத்துக்கு 80 தட்டாகும். முதலாம் தட்டையும் மூன்றாம் தட்டையும் காட்டுவதற்கு யாருமில்லை. நாமே அவற்றைச் சுமக்கவேண்டும். இந்த ஒன்றினாலேயே நடை உறுதிப்படும்.

ஐந்தாவது, வலக்கையைச் சேர்ப்பது. இங்கேதான் பலர் கைவிட்டு விடுகிறார்கள். முதலில் வலக்கை கட்டத்துக்கு ஒருமுறை, முதலாம் தட்டில் மட்டும், கூட்டுச்சுரத்தைத் தொடட்டும். அது பழகியபின், முதலாம் தட்டிலும், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் இடைப்பட்ட அரைத்தட்டிலுமாக இரண்டு முறை. இது 'சார்ள்ஸ்ரன்' ஆட்டத்தின் தாளம். 1923இல் அந்தப் பெயரிற் பாட்டை அமைத்தவர், முன்னர் நாம் கண்ட அதே ஜேம்ஸ் பி. ஜோன்சன்தான். இதற்கெல்லாம் பின்னரே பாட்டின் மெட்டு. அதற்கும் பின்னரே சொந்தக் கற்பனை. வலக்கை சுரங்களைச் சமமாக இரண்டாகப் பிரிப்பதில்லை. முதற் சுரம் நீண்டும் அடுத்தது குறுகியும், மூன்றில் இரண்டு பங்கும் ஒரு பங்குமாக ஏறக்குறைய அமையும். கீழே சதுஸ்ரமாக நடக்க, மேலே திஸ்ரத்தின் சாயல் வருகிறது. ஜாஸ் இசையின் ஊஞ்சல் ஆட்டம் இவ்விரண்டுக்கும் இடையிலே பிறக்கிறது.

இரண்டு கையையும் ஒரே வேளையில் எண்ணிக்கொண்டிருக்க மனித மனத்தால் இயலாது. இடக்கை எண்ணமின்றி நடக்கும் நிலை வந்தால்தான் வலக்கை பேசமுடியும். அந்த நிலை வந்துவிட்டதா என்று அறிய நான் கையாளும் சோதனை எளியது. இடக்கையை நடக்கவிட்டு, மனப்பாடமான செய்யுள் ஒன்றை வாய்விட்டுச் சொல்வேன். நடை கலையாவிட்டால் வலக்கையைச் சேர்க்கலாம். கலைந்தால் இன்னும் சில நாள் இடக்கை மட்டும்.

பன்னிரு கட்டப் புளூஸ் வசப்பட்டபின் எதிர்மாறான சோதனை ஒன்று உண்டு. 1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' என்ற புகழ்பெற்ற இசைத்தட்டின் முதற் பாட்டிலே, 32 கட்டங்களில் முதல் 16 கட்டமும் ஒரே அடிச்சுரத்தின் மேலே நிற்கின்றன. நமது கரஹரப்பிரியாவின் சுரங்களே அங்கே வருபவை. அடுத்த எட்டுக் கட்டம் அரைச்சுரம் மேலே. கடைசி எட்டும் பழைய இடத்திலே. கூட்டுச்சுரம் மாறாதபோது எதை நோக்கி நடப்பது? அதில் டபிள் பேஸ் வாசித்த போல் சேம்பர்ஸைக் கேட்டால் விடை கிடைக்கும். ஏறி, இறங்கி, தனக்குத் தானே சிறு சிறு இலக்குகளை வைத்துக்கொண்டு அவர் நடக்கிறார். போகுமிடத்தைப் பாட்டு சொல்லித் தராதபோது, நடப்பவன்தான் அதைத் தீர்மானிக்கவேண்டும்.

இந்த இடக்கை எவ்வளவு அருமையானது என்பதற்கு ஒஸ்கார் பீற்றர்சனின் வாழ்க்கை சான்று. 1925இல் கனடாவின் மொன்றியல் நகரிலே, ரெயில்வேயில் சுமைப் பணியாளராக இருந்த ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரண்டு கைகளின் வேகத்துக்கும் உலகப் புகழ்பெற்றவர். 1993இல் பக்கவாதம் தாக்கி அவருடைய இடப்பக்கம் பலவீனமுற்றது. அத்தோடு வாழ்க்கை முடிந்தது என்று பலரும் எண்ணியிருக்கலாம். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளின் பின்னர் அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். இடக்கை பழைய வலிமையைப் பெறவேயில்லை. பெரும்பகுதியும் வலக்கையால் வாசித்தார். டென்மார்க் நாட்டு டபிள் பேஸ் கலைஞர் நீல்ஸ்-ஹெனிங் ஓர்ஸ்ரட் பெடர்சன் போன்றோர் அவருக்குக் கீழே நடந்தார்கள். 2007இல் மறைவதற்குச் சிறிது காலம் முன்புவரை அந்த இசை தொடர்ந்தது. ஒருவனுடைய இடக்கை ஓய்ந்தபோது, இன்னொருவனுடைய நடை அவனைத் தாங்கிச் சென்றது. தாங்குவதற்கென்றே உண்டான கலை அது.

இளம் நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். கவிதையாயினும் இசையாயினும் முதலில் கண்ணைக் கவர்வது வலக்கையின் வேலைதான். உவமையும் கற்பனையும் அங்கே இருக்கின்றன. அவற்றை விரும்புவதிலே குற்றமில்லை. ஆனால் தொடங்கும் இடம் அதுவன்று. இடக்கையை மெதுவாக நடக்கவிடுங்கள். நிற்கின்ற இடத்தைச் சரியாக மிதியுங்கள். நான்காம் தட்டிலே அடுத்த இடத்தைப் பாருங்கள். இன்றிரவு வானொலியில் எந்தப் பாட்டாவது ஒலித்தால், பாடும் குரலைச் சற்று விட்டுவிட்டு, அதன் அடியிலே நடந்து போகின்றவரைக் கேட்டுப்பாருங்கள். அவர் எங்கே போகிறார் என்பதை அவர் போவதற்கு முன்னமே உங்களாற் சொல்லமுடிந்தால், நீங்கள் கற்கத் தொடங்கிவிட்டீர்கள்.